அப்பாவின் சார்பில் பாகற்காய்

பவர் பத்திரம் உயர் நீதிமன்றத்தில் பதிவான அந்த வாரமே கிஷன் தன் அப்பாவாகி ஒரு கல்யாணத்துக்குப் போனான்.

ஷா ஆலமில் கல்யாணம். மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவர், "அப்பா வரலையா?" என்று கேட்டார்.

"நான்தான் அங்கிள் அப்பா" என்றான் கிஷன்.

வீட்டில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "இனிமே நீ போனா நான் போன மாதிரி. கோர்ட்டே சாப் குத்தி, முத்திரை போட்டுக் குடுத்திருச்சு" என்று அப்பா வேலாயுதம் நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்பு வழங்கியிருந்தார். அப்பாவின் சார்பில் மொய் எழுதி, அப்பாவின் சார்பில் பாயசம் குடித்து, "பொண்ணு எப்ப பார்க்கப் போறீங்க?" என்று கேட்டவர்களிடம் "எனக்கு எழுபத்திரண்டு வயசாகுது" என்று பதில் சொல்லிவிட்டுக் கிஷன் வீடு திரும்பினான்.

அடுத்து ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பதினாறாம் நாள் காரியம். அதற்கடுத்து பிரிக்பீல்ட்ஸில் கோயில் ஆண்டுக் கூட்டம். அங்கே பொருளாளரை எதிர்த்துக் கை தூக்கினான். எதற்காக என்று அவனுக்குத் தெரியாது. அப்பா எதிர்க்கச் சொல்லியிருந்தார். எதற்காக என்பது அப்பாவுக்கே மறந்துவிட்டிருந்தது.

வேலாயுதம் ரயில்வேயில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களை அனுப்பிவைத்துவிட்டுத் தான் நின்ற இடத்திலேயே நிற்பதற்குச் சம்பளம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு சம்பளம் நின்றது, பழக்கம் நிற்கவில்லை. மனைவி சந்திரகலா போன பிறகு அது முற்றிப்போனது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, சாமான் வாங்க ஒருவரை, மருந்து வாங்க ஒருவரை, துக்கம் விசாரிக்க ஒருவரை என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். மகள் தாமரை கல்யாணமாகிப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய்விட, அனுப்புவதற்கு மிஞ்சியவன் கிஷன். பட்டம் வாங்கியிருந்தான், வேலை வாங்கவில்லை. அனுப்பத் தோதான ஆள்.

பத்திரம் எழுதியவர் மாதவி. பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல். கீழே மல்லிகை மணக்கும். மேலே யார் வந்தாலும் சொத்துச் சண்டை. கிஷனின் ஊர்வலங்களைக் கேள்விப்பட்டு, வேலாயுதத்தைப் பார்க்க வீட்டுக்கே வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்கிள், இது வீடு, பேங்கு, வரி, இதுக்கெல்லாம்தான். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு இல்ல."

"'எல்லா விஷயத்திலும்'னு போட்டிருக்கேம்மா."

"அதுக்கு மேலயும் கீழயும் வேற வரி இருக்கு அங்கிள், அதையும் படிக்கணும்." மாதவி பேனாவை மூடினார். "முக்கியமா ஒண்ணு. நீங்க உயிரோட, புத்தித் தெளிவோட இருக்கிற வரைக்கும்தான் இது செல்லும். நீங்க கண்ணை மூடினா இதுவும் கண்ணை மூடிடும். நினைவு தப்பினாலும் அதே கதைதான். ஆபரேஷனுக்கு முன்னாடி கிள்ளான் வேலையை முடிச்சிடுங்க. அதோட ஒரு உயிலும் எழுதிடலாம்."

வேலாயுதத்துக்கு அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை இதய அறுவை சிகிச்சை. உயில் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னால உயில் எழுதுறது எமனுக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரி. உயில் செத்தவன் எழுதுறது. பவர், உயிரோட இருக்கிறவன் குடுக்கிறது. நான் ரெண்டாவது ஆளு."

செத்தவன் எப்படி உயில் எழுதுவான் என்று யாரும் கேட்கவில்லை.

கிள்ளான் வேலை என்பது இதுதான். கிள்ளானில் வேலாயுதத்தின் பெற்றோர் விட்டுச்சென்ற வீடு ஒன்று இருந்தது. கிராண்டில், அதாவது வீட்டுப் பட்டாவில், இரண்டு பெயர்கள்: வேலாயுதம் பாதி, அவருடைய அக்கா வள்ளியம்மா பாதி. வள்ளியம்மா அந்த வீட்டில்தான் இருந்தார். பிள்ளைகள் இல்லை, கணவர் என்றோ போய்விட்டார். மாமரம் ஒன்று, பூனைகள் சில, கேஸ் அடுப்பு ஒன்று. அதுதான் அவருடைய சாம்ராஜ்யம். தன் பாதியையும் அக்காவுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது வேலாயுதத்தின் ஆசை.

நல்ல ஆசை. அவசரமான ஆசையும்கூட. உயில் இல்லாமல் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாதி பிள்ளைகளுக்குத்தான் வரும். கிஷன் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடுவான். தாமரையின் பங்கு தனியாக வராது, அவள் கணவர் குகனோடு சேர்ந்து வரும். குகன் கெட்டவர் இல்லை, தொழில்முனைவோர். கூகுள் மேப்பில் அத்தை வீட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, மாமரத்தை வெட்டினால் அங்கே எத்தனை வண்டியை நிறுத்திக் கழுவலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். எழுபத்தைந்து வயதில் அத்தை தன் வீட்டைப் பாதியாக வெட்டி, கார் கழுவும் தண்ணீர்ச் சத்தத்தில் தூங்க வேண்டும்.

சிக்கல் ஒன்றே ஒன்று. அப்பாவும் அத்தையும் பேசிப் பதினோரு வருடமாயிற்று.

தாமரை கல்யாணத்தில் வந்த சண்டை. அத்தைக்கு முதல் பத்திரிகை வைக்க வேண்டும்; தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வீட்டுக்குப் போய், கையில் கொடுத்து அழைக்க வேண்டும். வேலாயுதம் பத்திரிகையை ஜெயராஜ் என்ற லோரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினார். கிள்ளானுக்குச் சிமெண்டு ஏற்றிப் போன லோரி. பத்திரிகை அத்தை கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் மஞ்சளைவிடச் சிமெண்டு அதிகமாக இருந்தது. அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் வரவில்லை.

"நீங்களே ஒரு நடை போய்க் கையெழுத்து போட்டுட்டா பவரே வேணாமே அங்கிள்" என்று மாதவி சொல்லிப் பார்த்தார்.

"மூச்சு வாங்குதும்மா" என்றார் வேலாயுதம். உண்மைதான். ஆனால் கிள்ளான் என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கியது.

ஆகவே கிஷன் போனான். சென்ட்ரலில் ரயில் ஏறி, மடியில் பத்திரங்களை வைத்துக்கொண்டு, அப்பாவாகவே உட்கார்ந்து போனான். கொடுப்பவர் சார்பில் அவன் கையெழுத்துப் போடலாம். வாங்குபவர் தன் கையால்தான் போட வேண்டும். அத்தையை மாதவியின் அலுவலகத்துக்கு வரச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அத்தை கைலியும் தோளில் துண்டுமாகக் கேட்டுக்குப் பின்னால் நின்றார்.

"யாரு?"

"கிஷன் அத்தை. வேலாயுதம் மகன்."

"எவ்ளோ வளந்துட்டே! வா வா. சாப்பிட்டியா?" பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார். "என்ன விஷயமா வந்தே?"

அந்த இடத்தில் கிஷன் ஒரு தப்புச் செய்தான். உண்மையைச் சொன்னான்.

"அப்பா சார்பா வந்திருக்கேன் அத்தை. பவர் குடுத்திருக்காரு. சட்டப்படி இப்ப நான் அப்பா மாதிரி."

திறந்துகொண்டிருந்த கை நின்றது. "அப்ப நீ யாரு இப்ப? மருமகனா, வேலாயுதமா?"

"பத்திர விஷயத்துக்கு... வேலாயுதம்."

"சரி. உள்ள வாடா வேலாயுதம்."

அந்த 'டா'வைக் கேட்டதும் கிஷன் செருப்பைக் கழற்றிவிட்டு அடக்கமாக உள்ளே போனான். கூடத்தில் உட்காரவைத்தார். தட்டு வந்தது. சோறு, ரசம், ஒரு மலை உயரத்துக்குப் பாகற்காய். அடுப்பங்கரையிலிருந்து நண்டுக் குழம்பின் வாசனை வந்துகொண்டிருந்தது. நண்டு வரவில்லை.

"அத்தை, உள்ள நண்டு..."

"அது மருமகனுக்கு. அவன் இன்னிக்கு வரலையே." அத்தை எதிரில் உட்கார்ந்து துண்டை உதறினார். "உனக்குப் பாகற்காய் புடிக்காதுன்னு தெரியும்டா வேலாயுதம். ஒழுங்கா சாப்பிடு."

கிஷன் அப்பாவின் சார்பில் சாப்பிட்டான். அப்பாவின் சார்பில் திட்டும் வாங்கினான். அத்தை நிதானமாக, தேதிவாரியாகத் திட்டினார். சின்ன வயதில் சைக்கிளை உடைத்துவிட்டு அக்கா மேல் பழி போட்டது; தீபாவளிக்குக்கூட ஒரு போன் போடாதது; சந்திரகலா நோயில் கிடந்தபோது ஓடி ஓடி வந்து சமைத்துப் போட்டவளை மறந்துபோனது. நடுவில் கிஷன் பத்திர விஷயத்தைச் சொன்னான். வீட்டில் தம்பியின் பாதியும் இனி அத்தைக்குத்தான் என்றான். அத்தை முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தான்.

"வேணாம்" என்றார் அத்தை.

"சும்மா குடுக்கிறாரு அத்தை. நீங்க ஒண்ணும் தர வேணாம்."

"பத்திரிகையும் சும்மாதான் குடுத்தான், லோரியில. வீட்டை எதுல குடுத்தனுப்பியிருக்கான்? உன்கிட்ட. வாங்கிக்க நான் என்ன பார்சல் ஆபீஸா?"

"இப்ப வாங்கலைன்னா பின்னால குகன் மாமா..."

"வரட்டும்லா. மாமரத்துல கட்டிப் போடுறேன்." பிறகு குரல் இறங்கியது. துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தார். "எனக்கு எல்லாம் தெரியும்டா. உங்க அத்தான் போய்ட்டாரு. நெத்தியில பொட்டு இல்லாதவ கையில முதல் பத்திரிகையைக் குடுத்தா பொண்ணு வாழ்க்கை விளங்காதுன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. அதான் நேர்ல வரலை. அதையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? நானே ஒதுங்கியிருப்பேன். ஏன்டா லோரியில அனுப்புனே? சொல்லு."

கிஷன் கையிலிருந்த பாகற்காயைத் தட்டில் வைத்தான். பத்திரத்தின் எல்லாப் பத்திகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். வீடு விற்கலாம், வரி கட்டலாம், கணக்குத் திறக்கலாம், மூடலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பத்தியும் இல்லை.

"அதுக்கு எனக்குப் பவர் இல்ல அத்தை" என்றான். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

கிளம்பும்போது அத்தை ஒரு டப்பாவைக் கொடுத்தார். திறந்து பார்க்காமலே அது நண்டு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

வேலாயுதம் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கிஷன் டப்பாவை மேசைமேல் வைத்தான்.

"கையெழுத்து போட்டாளா?"

"இல்ல. உங்க சார்பா திட்டு வாங்கிட்டேன். பாகற்காய் சாப்பிட்டேன். மீதி இதுல இருக்கு. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேணும். லோரியில ஏன் அனுப்புனீங்க?"

"பழசெல்லாம் இப்ப எதுக்குடா?"

"நான் கேட்கல, உங்க அக்கா கேட்கறாங்க."

வேலாயுதம் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். படம் மட்டும் ஓடியது.

"உங்கம்மா போயி வருஷம்கூட திரும்பல" என்றார் மெதுவாக. "பத்திரிகை வைக்கிறதுன்னா புருஷன் பொண்டாட்டியாப் போகணும். ஒத்த ஆளா, பொண்டாட்டியைத் தூக்கிக் குடுத்தவன், தட்டைத் தூக்கிட்டு அக்கா வீட்டு வாசப்படி ஏறினா நல்லாவா இருக்கும்? அவ ஏற்கெனவே அடிபட்டவ. என் பீடை அவளுக்கு எதுக்குன்னுதான்... ஜெயராஜ் பிள்ளைகுட்டியோட நல்லா வாழுறவன். அவன் கையால போகட்டும்னு குடுத்தேன். அப்பவும் அவ வரலைன்னதும், என் பீடைக்குப் பயந்துட்டாள்னு விட்டுட்டேன்."

கிஷன் அவர் எதிரே வந்து உட்கார்ந்தான். பிறகு அத்தை சொன்னதை, துண்டின் நுனியைச் சுருட்டியது உட்பட, அப்படியே சொன்னான்.

வேலாயுதம் டிவியை அணைத்தார். அக்கா நன்றாக இருக்க வேண்டுமென்று தம்பி ஒதுங்கினார். தம்பி மகள் நன்றாக இருக்க வேண்டுமென்று அக்கா ஒதுங்கியிருக்கத் தயாராக இருந்தார். இரண்டு பேரும் தங்களைத்தான் அபசகுனம் என்று நினைத்துக்கொண்டு, மற்றவர் தன்னை அப்படி நினைத்துவிட்டார் என்று கோபப்பட்டிருக்கிறார்கள். இதற்கு நடுவில் லாபமடைந்தவர் ஜெயராஜ் மட்டும்தான். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் இரண்டு தரம் சாப்பிட்டது கிஷனுக்கு இன்னும் நினைவிருந்தது.

"என்னைப் போயி அப்படி நினைச்சுட்டாளா?" என்றார் வேலாயுதம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ நாளைக்கே போயி விஷயத்தைச் சொல்லிடுடா."

"மாட்டேன்."

"என்னது?"

"நான் ராஜினாமா பண்றேன்ப்பா. வர்ற வழியில மாதவி அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். குடுத்தவரும் ரத்து பண்ணலாம், வாங்கினவனும் வேணாம்னு எழுதிக் குடுக்கலாமாம். கல்யாணத்துக்குப் போனேன், காரியத்துக்குப் போனேன், பொருளாளரை எதிர்த்தேன். இதுக்குப் போக மாட்டேன். இது உங்க பாகற்காய்."

வேலாயுதம் மகனை முறைத்தார். டப்பாவைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார். இன்னொன்றும் எடுத்தார்.

மறுநாள் காலையில் கிஷன் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்தான். அப்பா குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். அலமாரி மேலிருந்து அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளத்தை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கீழ போயி வெத்தலை பாக்கு வாங்கிட்டு வா" என்றார். வாசலுக்குப் போன மகனைத் திரும்பக் கூப்பிட்டார். "வேணாம், இரு. நானே வாங்குறேன்."

மூன்று மாடிகளையும் நின்று நின்று இறங்கினார். ரயிலில் தாம்பாளத்தை மடியிலேயே வைத்திருந்தார். கிள்ளான் வந்ததும், தண்டவாளத்தோரம் எரிந்த சிக்னலை ஒரு தொழில்முறைப் பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். கேட்டுக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. கிஷன் கையை நீட்டினான். தாம்பாளத்தை வாங்கிக்கொள்ள அல்ல, முழங்கையைப் பிடிக்க.

"யாரு?" உள்ளிருந்து குரல் வந்தது.

"நான்தான்."

"நான்தான்னா? வேலாயுதம்னு சொல்லிக்கிட்டு நேத்துகூட ஒருத்தன் வந்தான்."

"அது டூப்ளிகேட்டுக்கா. இது ஒரிஜினல்."

அத்தை வெளியே வந்தார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். பூனை ஒன்று நடுவில் புகுந்து இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. அத்தை பூட்டைத் திறந்தார். வேலாயுதம் வாசப்படி ஏறி, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, தாம்பாளத்தை இரு கையாலும் நீட்டினார்.

"அக்கா, வர்ற மாசம் முதல் வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். நீ அவசியம் வந்து, கூட இருந்து, நல்லபடியா நடத்திக் குடுக்கணும்." குரல் தடுமாறியது. "முதல் பத்திரிகை உனக்குத்தான். ஒத்தையா வந்திருக்கேன். தப்பா நினைச்சுக்காத. அன்னிக்கும் அதனாலதான் வரலை. சந்திராவும் இல்லாம, நான் மட்டும் தட்டைத் தூக்கிட்டு... என் நேரம் உன்னையும் தொத்திக்கக் கூடாதுன்னு..."

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதைக் கிஷனிடம் கொடுத்துவிட்டு, காலியான கையால் தம்பியின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"மடையா! ஒத்தையா வந்தா என்னடா? நான் இங்க ஜோடியாவா உக்காந்திருக்கேன்?"

"அத்தை, இதயம், இதயம்!" என்று கிஷன் பதறினான்.

"தோள்லதான்டா அடிச்சேன்" என்று சொல்லிவிட்டு அத்தை அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். வேலாயுதம் துண்டைத் தேடினார். அக்காவின் துண்டையே இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிஷனுக்கு, பத்திரத்தைச் சுமந்து திரிந்த இத்தனை நாளில் முதன்முறையாகத் தான் தானாக இருப்பது போல இருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பூமாலைக் கடை மாடியில் அக்காவும் தம்பியும் அருகருகே உட்கார்ந்து அவரவர் கையால் கையெழுத்துப் போட்டார்கள். "என்கிட்ட வர்ற கூடப்பிறந்தவங்கள்ல ஒருத்தர் பேனாவை ஒருத்தர் வாங்கிக்கிட்டதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் மாதவி. குகன் மாமாவிடம் தாமரையே செய்தி சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கூகுள் மேப்பில் வேறு மாமரம் தேடப் போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை மருத்துவமனையில் அத்தைதான் முதல் ஆளாக வந்தார், பட்டுப்புடவையில். அழைப்பு முறையாக வந்திருக்கிறதே. சாயந்தரம் டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சது" என்றபோது, நடத்திக் கொடுத்தவரைப் போலத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

மூன்று மாடி ஏற முடியாது என்பதால் வேலாயுதம் உடம்பு தேறும்வரை கிள்ளானில் இருந்தார். மாமர நிழலில் நாற்காலி போட்டு, மாதவியை வரவழைத்து உயிலும் எழுதினார். "எமன் வந்து பார்த்துட்டு, ஆளு பிஸின்னு போயிட்டான். இனிமே எழுதலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிஷன் சாப்பிட உட்கார்ந்ததும் அத்தை கரண்டியோடு வந்து நின்றார்.

"இன்னிக்கு நீ யாரு?"

"மருமகன் அத்தை. சத்தியமா."

தட்டில் நண்டு விழுந்தது. பெரிய நண்டு. பக்கத்தில் வேலாயுதத்தின் தட்டில், டாக்டர் சொன்னபடி, எண்ணெய் இல்லாத பாகற்காய். அவர் நண்டைப் பார்த்தார். அக்கா அடுப்பங்கரைக்குத் திரும்பும்வரை காத்திருந்தார்.

"டேய்" என்று குரலைத் தாழ்த்தினார். "பவர் இன்னும் உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்குப்பா. ராஜினாமா லெட்டர் எழுதவே இல்ல."

"என் சார்பா அந்தப் பெரிய காலைச் சாப்பிடு."

கிஷன் மறுக்கவில்லை. அப்பாவின் விருப்பப்படி, அப்பாவின் நலனுக்காக, ஓட்டை உடைத்து உறிஞ்சினான்.